எண்பதாம் ஆண்டில் நின்ற கணினி

வவுனியாவில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரேயொரு கணினிதான் இருந்தது. கொழும்பிலிருந்த தலைமை அலுவலகம் தனக்குப் புதியவற்றை வாங்கியபோது, கழித்துவிட்டவற்றில் ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அதன் பெட்டி, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே சுருட்டுக் குடிப்பவரின் பல்லைப்போல மஞ்சளாகியிருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டுமே வரும். இயங்குதளம் என்று இப்போது சொல்கிறோம். அப்போது எங்களுக்கு அது வெறும் 'சிஸ்டம்'. அதில் இருந்தது எல்லோரும் கைவிட்டுவிட்ட ஒரு பழைய சிஸ்டம். அதற்குத் தமிழ் தெரியாது. பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், அதுவும் ஒதுக்கிய கட்டத்துக்குள் கொள்ளுமட்டும்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அக்கராயனில் பிறந்தவள். கிளிநொச்சியில் தட்டச்சுப் படித்துக்கொண்டிருந்தபோது ஊர் இடம்பெயர்ந்தது. அம்மாவும் நானும் இடம் மாறி மாறி இருந்து, கடைசியில் வவுனியாவுக்கு வந்து முகாமில் ஒரு வருடம் கிடந்தோம். அங்கிருந்துகொண்டே ஆறு மாதக் கணினி வகுப்பொன்றுக்குப் போனேன். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது.

வேலை இதுதான். இடப்பெயர்வுகளின்போது பிரிந்துபோனவர்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைப்பது. வவுனியாப் பக்கம் வந்துவிட்டவர்கள், தாங்கள் தேடுகிறவரின் விபரங்களைப் படிவத்தில் நிரப்பித் தருவார்கள். புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் தனித்துப்போய் நிற்கிறவர்கள், தங்களைப்பற்றிய விபரத்தை ஒரு சிறிய துண்டில் எழுதி அங்குள்ள எங்கள் ஆட்களிடம் கொடுப்பார்கள். வீதி திறந்திருக்கும்போது வாகனம் அந்தத் துண்டுகளைக் கொண்டுவரும். இரண்டையும் நான் கணினியில் அடிப்பேன். மாத முடிவில் கணினி இரண்டையும் ஒப்பிட்டு, வயதும் சொந்த ஊரும் அடையாளமும் ஒத்துப்போகிறவற்றை அச்சடித்துத் தரும். அந்தத் தாள் வெளியே வருகிற நாளில் நாங்கள் எல்லோரும் எழும்பிப் போய்ப் பிறின்டரைச் சுற்றி நிற்போம். சில மாதங்களில் ஒரு பெயரும் வராது. ஒரு மாதம் ஏழு பேர் வந்தார்கள். அன்று முகாமையாளர் எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுப்பித்தார்.

அடித்து முடித்த துண்டுகளை நாங்கள் வைத்திருப்பதில்லை. அந்தப் பக்கத்து ஊரும் பெயரும் எழுதிய கடதாசிக் கட்டு ஒன்று அலுவலகத்தில் இருப்பது, இராணுவம் சோதிக்க வந்தால், அதில் பெயருள்ள எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே சனிக்கிழமைகளில் முகாமையாளர் தானே அவற்றைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்த் தார்ப் பீப்பாவுக்குள் போட்டு எரிப்பார்.

"இனி எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு" என்பார், கையைத் தட்டிக்கொண்டு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்கு முன்னரே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய சிஸ்டத்தில் ஓடும் கணினிகளை ஆண்டு முடிவுக்குள் மாற்ற வேண்டும், புதியது தேவையென்றால் உடனே விண்ணப்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முகாமையாளர் கெட்ட மனிதரல்லர். ஆனால் புதிய கணினியொன்றை வவுனியாவுக்குக் கொண்டுவருவதென்றால் எத்தனை அனுமதிக் கடிதங்கள், எத்தனை சோதனைச் சாவடிகள் என்பது அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, உது வேலை செய்யுதுதானே?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"பிறகேன் சும்மா கிடக்கிறதைக் கிண்டுவான்? பாப்பம்."

கடிதம் கோப்புக்குள் போனது.

புது வருடத்து முதல் வேலைநாளில் கணினியைப் போட்டேன். திகதியைப் பார்த்தபோது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது என்று காட்டியது. அந்த வருடம் நான் அரிவரி வகுப்புக்கும் போகாத பிள்ளை. சிரித்துக்கொண்டு சரியான திகதியை அடித்தேன். அடுத்த நாள் போட்டபோதும் எண்பதுதான். கணினியை நிறுத்தினாலோ கரண்ட் போனாலோ, மீண்டும் போடும்போது அது எண்பதாம் ஆண்டுக்கே போய்விடும். நான் திகதியை அடிக்க வேண்டும்.

எனக்குப் படிப்பித்த கணினி வகுப்பை நடத்தியவரைக் கூட்டிவந்து காட்டினேன். நாங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். அரை மணித்தியாலம் இருந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு ரெண்டாயிரம் எண்டு ஒரு வருசம் வருமெண்டே தெரியாது. நான் ஒண்டும் செய்யேலாது. வைரசுக்குப் போடுற புது மருந்துகளும் இந்தப் பழைய சிஸ்டத்தில ஏறாது. கெதியா மாத்தச் சொல்லுங்கோ."

"நான் ஒவ்வொரு நாளும் திகதியை அடிக்கிறன்தானே அண்ணை?"

"அடிக்கிறியள். ஒரு நாள் மறந்தால்?"

"மறக்கமாட்டன்" என்றேன்.

அவர் சொன்னதை முகாமையாளரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "அடுத்த கூட்டத்தில கதைப்பம்" என்றார். கூட்டத்தில் கதைத்தாரோ தெரியாது. நான் இரண்டாம்முறை கேட்கவில்லை. எழுத்தில் கொடுத்திருக்கலாம். கொழும்புக்கே நேரடியாக எழுதியிருக்கலாம். என்னை ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் திகதி அடிக்க ஒரு நிமிடமும் ஆகாது. அது எனக்கும் பழகிப்போனது.

எங்கள் பதிவுகளுக்கு ஒரு பிரதி இருந்தது, பிளொப்பியில். வெள்ளிக்கிழமைகளில் அதைப் போட்டு, கொழும்பில் எழுதித் தந்த ஒரு கட்டளையை அடிப்பேன். கணினியில் இருப்பதையும் பிளொப்பியில் இருப்பதையும் அது திகதி வைத்துப் பார்க்கும். எது புதியதோ அதைப் பழையதன்மேல் எழுதிவிடும். ஒன்றும் கேட்காது. அந்த வருடத் தொடக்கத்தில் நல்ல பிளொப்பி ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியிருந்தது; மற்றது பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்த ஒன்றும், தலைமை அலுவலகத்தில் பிரதி எடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில் தங்கிவிட்டது. சண்டை தொடங்கி, வாகனம் வருவதும் போவதும் நின்று, அது திரும்பிவர ஐந்து கிழமை எடுத்தது. அதற்கிடையில், வீதி மூடுமுன் அந்தப் பக்கத்திலிருந்து கடைசியாக வந்த வாகனம் இரண்டு சாக்கு நிறையத் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அத்தனையையும் நான் இருந்து அடித்தேன். முதுகு விட்டுப்போகும்வரை அடித்தேன். எல்லாம் அடித்து முடியட்டும் என்று அந்த மாத ஒப்பீட்டையும் தள்ளிவைத்திருந்தோம். முகாமையாளர் வழமைபோல அவற்றை எரித்தார். நல்ல பிளொப்பி ஒன்றை அண்ணையிடம் போய்க் கேட்டிருந்தால் தந்திருப்பார். கடை வீதியில் மூன்றாவது ஒழுங்கையில்தான் அவருடைய வகுப்பு. எனக்கு அது தோன்றவேயில்லை.

பிளொப்பி திரும்பி வந்த நாள் நடந்ததை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காலையில் திகதி அடித்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மத்தியானம் கரண்ட் போனது. வெளியே வாங்கில் இருந்த சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. கணினியைப் போட்டு, மிச்சமிருந்த மூன்று துண்டுகளை அடித்துச் சேமித்தேன். கொழும்பு வாகனம் அப்போது வந்து வாசலில் நின்றது. சாரதி பிளொப்பியைத் தந்துவிட்டு, இருட்டுமுன் மதவாச்சிச் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும், உடனே திருப்பித் தாருங்கள் என்றார். முகாமையாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கெதியாப் பிள்ளை, ஆள் வெளிக்கிடப் போறார்."

நான் பிளொப்பியைப் போட்டுக் கட்டளையை அடித்தேன். பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. ஒரு கோப்பு எழுதப்பட்டது என்று திரையில் வந்தது. பிளொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். வாகனம் போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்து, கடைசியாக அடித்த துண்டில் ஒரு வயதைத் திருத்துவதற்காகப் பதிவைத் திறந்தேன். அந்தத் துண்டைக் காணவில்லை. அதற்கு முந்தியதையும் காணவில்லை. மேலே மேலே போனேன். ஐந்து கிழமைக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்திருந்தது. திகதியைக் கேட்டுப் பார்த்தேன். எண்பது. நான் அன்று மத்தியானம் சேமித்தது இருபது வருடப் பழசு என்று அந்தக் கணினி கணக்கெடுத்திருந்தது. பிளொப்பியில் இருந்ததைப் புதியதென்று எண்ணி, என்னுடைய ஐந்து கிழமை வேலைக்கு மேலே எழுதிவிட்டது.

அண்ணையைக் கூப்பிட ஓடினேன். அவர் வகுப்பை விட்டுவிட்டு வந்தார். தான் கொண்டுவந்த பிளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"அழிஞ்சதெண்டால் சில வேளை எடுக்கலாம். இது மேல எழுதுபட்டிட்டுது தங்கச்சி."

என்னை அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று நினைத்தேன். நான் பின்வளவுக்குப் போனேன். பீப்பாவுக்குள் சாம்பல் மழையில் நனைந்து களியாகக் கிடந்தது. அதற்குள் கையை விட்டுத் துழாவினேன். எழுத்துள்ள ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. முகாமையாளர் அவ்வளவு கவனமாக எரித்திருந்தார்.

எத்தனை பேருடைய துண்டுகள் அவை என்று சரியாகத் தெரியாது. யாரென்று தெரியாதவர்களைப்பற்றி எப்படித் துக்கப்படுவது என்றும் தெரியவில்லை. முதல் இரண்டு நாளும் எனக்குப் பெரும்பாலும் பயந்தான் இருந்தது, வேலை போய்விடுமே என்ற பயம். மூன்றாம் நாள்தான் மற்றது வந்தது.

அன்று, தப்பியிருந்த பழைய பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். செட்டிகுளத்திலிருந்து பதினைந்து நாளுக்கொருமுறை பஸ் ஏறி வரும் ஒரு அக்காவின் பதிவு வந்தது. எனக்கு முன்னிருந்தவர் அடித்த பதிவு அது. அக்காவின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். படிவத்தை நான் வாசித்ததில்லை. தேடப்படுபவர், மகள். வயது பதினைந்து. அடையாளம், இடது முழங்கையில் சுடுநீர் பட்ட தழும்பு.

என் கை நின்றுவிட்டது. முழங்கை என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்துகள் என்று நான் அகராதி புரட்டியது ஞாபகம் வந்தது. இரண்டு சாக்குகளில் ஏதோ ஒன்றிலிருந்து எடுத்த ஒரு துண்டு. பிள்ளைக் கையெழுத்து, நீலப் பேனை. இடது முழங்கையில் எரிந்த காயம். தாய் தகப்பனைத் தவறவிட்டுவிட்டேன், ஒரு குடும்பத்தோடு இருக்கிறேன் என்று எழுதியிருந்தது. இருக்கும் ஊர் முள்ளி என்று தொடங்கியது. முள்ளியவளையா, முள்ளிவாய்க்காலா, முள்ளியானா? கட்டம் சிறிது என்று நானே அதை வெட்டிக் குறுக்கி அடித்திருந்தேன். வைத்திருந்த குடும்பத்தின் பெயரை எவ்வளவு யோசித்தும் எடுக்க முடியவில்லை. ஒப்பிடுவது கணினியின் வேலை என்று, அடிக்கிற எதையும் நான் மனதில் வைப்பதில்லை.

முகாமையாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிச்சயமாத் தெரியுமோ?"

"இல்லை சேர். ஆனா…"

"நிச்சயமில்லாததைச் சொல்லி அந்த மனிசியை அலைக்கழிக்காதேங்கோ பிள்ளை. அந்தப் பக்கத்து ஆக்களுக்குத் திருப்பி எழுதுவம். துண்டு குடுத்தவை எல்லாரையும் மறுபடி குடுக்கச் சொல்லுவம்."

எழுதினோம். வீதி மூடியிருந்ததால் கடிதம் எங்கள் மேசையிலேயே கிடந்தது. அதே கிழமை அவர் கொழும்புக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். பதிவாளரின் கவனக்குறைவால் தரவு இழக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. பழைய சிஸ்டத்தைப்பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். திகதி அடிக்க மறந்தது நான்தானே.

அக்கா வழமைபோல ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மலையகத்தில் பிறந்து, அங்கு நடந்த கலவரத்தில் அடிபட்டு, சிறுமியாக வன்னிக்கு வந்தவர். கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டித் தோட்டம் செய்து, கலியாணம் கட்டி, அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தது. இடம்பெயர்ந்த அன்று ஷெல் விழத் தொடங்கியதும், மகளை முன்னால் போன ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டு, தாங்கள் கடைசி மகனோடு பின்னால் நடந்திருக்கிறார்கள். சந்தியில் அந்த உழவு இயந்திரம் ஒரு பக்கம் திரும்பியது, இவர்கள் மறுபக்கம் தள்ளப்பட்டார்கள். அதன்பின் மகளைக் காணவில்லை.

"ஏதாச்சும் வந்திருக்குங்களா மிஸ்?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்பது அதுதான்.

சொல்லக்கூடாது என்றுதான் காலையில் முடிவெடுத்திருந்தேன். அவர் என் முன்னால் நின்றபோது முடியவில்லை. வாங்கில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். கணினி, திகதி, பிளொப்பி, எரித்த துண்டு. அவருக்கு அதில் பாதி விளங்கியிராது. இடையில் ஒருமுறை மட்டும் நிறுத்தினார்.

"பாப்பா கையால எழுதுனதா?"

"அப்பிடித்தான் அக்கா நினைக்கிறன். நீலப் பேனை. எழுத்துக் கொஞ்சம் சரிவு."

"வலப்பக்கமா சாச்சு எழுதும்" என்றார். பிறகு, "அந்தக் கடுதாசி இல்லீங்களா இப்ப?"

"இல்லை அக்கா."

"முள்ளின்னா எந்த முள்ளிங்க?"

"தெரியாது அக்கா. ஞாபகமில்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தார்.

"உசிரோட இருக்குன்னு தெரிஞ்சிருச்சில்ல. நான் போய்ப் பாக்குறேன் மிஸ்."

அந்தப் பக்கம் போவதற்கு இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வருவார் என்பதற்குப் பிணையாகக் குடும்பத்தவர் இங்கே நிற்க வேண்டும். கணவனையும் மகனையும் செட்டிகுளத்தில் விட்டுவிட்டு, வீதி திறக்கும்வரை ஒரு மாதம் காத்திருந்து போனார். அவர் போயிருந்த காலத்தில்தான் கொழும்பிலிருந்து புதிய கணினி வந்தது. அனுமதிக் கடிதங்கள் நான்கு தேவைப்பட்டன. பத்து நாளில் எல்லாம் கிடைத்துவிட்டன. வாகனத்தில் இருந்து இறக்கி மேசையில் வைத்துப் போட்டதும் அன்றைய திகதியைத் தானாகவே காட்டியது. பக்கத்து அறையில் வேலை செய்த பிள்ளைகள் நிறப் படங்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். எனக்கு அதன் முன்னால் இருக்கவே பிடிக்கவில்லை. பத்து நாள்தான் எடுத்தது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பி வந்தபோது மூன்று மாதத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. கறுத்து மெலிந்திருந்தார். வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"முள்ளியவளைங்க மிஸ்" என்றார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"அந்த வீட்டைக் கண்டுபுடிச்சேன். நல்ல சனம். ரெண்டு வருசமா வச்சுப் பாத்திருக்காங்க. ஸ்கூலுக்கும் அனுப்பிருக்காங்க. கடுதாசி குடுத்ததுக்கப்புறம் பாப்பா தெனமும் ரோட்டுக்குப் போயி நிக்குமாம், ஒங்க வண்டி வருதான்னு. ரோடு தெறந்ததும் ஒருமுறை வண்டி வந்துச்சாம். பதில் வந்தவங்க பேரெல்லாம் வாசிச்சாங்களாம். நம்ம பேரு இல்ல."

கையிலிருந்த பையை மேசையில் வைத்தார்.

"இனி ஒருத்தரும் இல்லேன்னு நெனச்சிருச்சுங்க. கூடப் படிச்ச புள்ளைங்களோட இயக்கத்துக்குப் போயிருச்சு. நான் அந்த வீட்டுக்குப் போறதுக்குப் பதினெட்டு நாளைக்கு முந்தி."

"பார்க்க விட்டவையோ அக்கா?"

"கேட்டுப் போனேன். மூணு எடத்துக்குப் போனேன். பேரை மாத்திருவாங்களாமே. எந்த எடத்துல இருக்குன்னு சொல்லல. பாஸு முடியுது, இங்க இவங்க ரெண்டு பேரும் பிணை நிக்கிறாங்க. வந்துட்டேன்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கையை உயர்த்தினார். அது என்னைத் தேற்றுவதற்காகவா, நிறுத்துவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீங்க சொல்லாம விட்டுருந்தா நான் இன்னும் இங்கதான் வந்துக்கிட்டு இருந்துருப்பேன்" என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அவருடைய மகளின் பதிவை என்ன செய்வது என்று முகாமையாளரிடம் கேட்டேன். இருக்கிற இடம் தெரிந்தால் முடிந்ததாகக் கணக்கு, தெரியாவிட்டால் தேடப்படுகிறார் என்று விடவேண்டும் என்றார். தேடப்படுகிறார் என்றே விட்டேன். மாத முடிவில் புதிய பிறின்டரில் தாள் வரும்போது மற்றவர்கள் எழும்பிப் போய் நின்றார்கள். நான் என் கதிரையிலேயே இருந்தேன்.

தொலைந்த மற்றத் துண்டுகளில் எத்தனை பேர் எங்கள் வாகனத்துக்காக வீதியில் நின்றார்கள், எத்தனை நாள் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. வீதி திறந்தபின் நாங்கள் திருப்பிக் கேட்ட துண்டுகளில் பாதிகூட வரவில்லை. முந்தி எழுதிக் கொடுத்தும் பதிலில்லை, பிறகேன் என்று சிலர் சொன்னதாக அங்கிருந்தவர்கள் குறிப்பெழுதி அனுப்பினார்கள்.

அக்கா அதன்பின் அலுவலகத்துக்கு வரவில்லை. செட்டிகுளம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். அவர்களுடைய பகுதி எதுவென்று படிவத்தில் இருந்தது. போக வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் நினைத்தேன். ஒருமுறை பஸ் நிலையம்வரை போய், பஸ் புறப்படும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன்.